சாவிக்காரரின் டூபாவுக்கு ஒரு பை

சாவிக்காரர் வாழ்க்கையில் அவசரப்பட்டு எடுத்த முடிவுகள் ரெண்டே ரெண்டுதான். கல்யாணம் ஒன்று, டூபா இன்னொன்று. இருபத்திரண்டு வயதில் இசைக்குழுவில் சேரப் போனபோது, டிரம்பெட், கிளாரினெட் எல்லாவற்றையும் முந்தி வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மூலையில் டூபா மட்டும் கிடந்தது. குடல் மாதிரி வளைந்து வளைந்து குழாய்கள் ஓடி, மேலே அண்டா அகலத்துக்கு வாய் திறந்திருக்கும் பித்தளை வாத்தியம். மடியில் வைத்தால் ஆளையே மறைத்துவிடும். "இதை யாரும் கேக்கல, உனக்குப் பரவாயில்லையா?" என்றார்கள். இவரும் தலையை ஆட்டிவிட்டார். ஐம்பத்தெட்டு வயதாகியும் விடவில்லை.

பகலில் பூட்டு ரிப்பேர். கடை என்றால் கடையில்லை, ரெண்டு கடைகளுக்கு நடுவே ஒரு இடுக்கு. அதில் ஒரு மேஜை, சாவி அறுக்கும் மெஷின், இவர். முப்பது வருஷமாக அந்த மேஜைமேல் குனிந்து குனிந்து, முதுகு அந்த மேஜைக்குத் தோதாக வளைந்து நின்றுவிட்டது. போன வருஷம் கால் மரத்துப்போக ஆரம்பித்ததும் டாக்டரிடம் போனார். முதுகெலும்புக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். "கனம் மட்டும் தூக்காதீங்க" என்றார் டாக்டர். சாவிக்காரர் சரி சரி என்று கேட்டுக்கொண்டு வந்து, அந்த வாரமே டூபாவைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போனார். என்னத்தைச் சொல்ல!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பயிற்சி. காலையில் அதே ஹாலில் பூப்பந்து விளையாட வந்துவிடுவார்கள், அதனால் எதையும் அங்கே விட்டுவர முடியாது. குழுவில் ஒரு சட்டம் உண்டு: வாசிக்கிறவர்தான் வாத்தியத்தைத் தூக்கி வர வேண்டும். யாரோ ஒருவருடைய தம்பி உதவி செய்கிறேன் பேர்வழி என்று டிராம்போனைத் தூக்கி வந்து, அதை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இவன் மட்டும் இறங்கி வந்த நாளிலிருந்து அந்தச் சட்டம். குழுத் தலைவர் மற்ற எதிலும் விட்டுக்கொடுப்பார், இதில் மாட்டார்.

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. டூபாவோடு வந்த பெட்டிக்கு அடியில் சக்கரம் இருக்கிறது. தெருவில் நாய்க்குட்டி மாதிரி பின்னால் வரும், படிக்கட்டில் பிணம். வாத்தியத்தின் கனத்தோடு பெட்டியின் கனமும் சேர்ந்துகொள்ளும். படிக்குப் படி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, ரெண்டு தடவை லேட். ரெண்டாவது தடவை குழுத் தலைவர் எல்லாருக்கும் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை லேட்டானா, தப்பா நினைக்காதீங்க, என் மச்சானைக் கூப்பிட்டுடுவேன்."

மச்சானிடமும் சொந்தமாக டூபா இருந்தது. சொந்தமாகக் கார் இருந்தது. தாளம் ஒன்றுதான் சொந்தமாக இல்லை. ஆனால் சரியான நேரத்துக்கு வந்து உட்காருகிறவனைத் தாளம் இல்லை என்று யார் எழுப்பப் போகிறார்கள்?

நாற்காலி போய்விடும் என்ற பயத்தில் சாவிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. முதுகைப் பற்றிக் குழுவில் மூச்சே விடவில்லை. குறை எல்லாம் பெட்டியில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முதுகில் மாட்டுகிற மாதிரி நல்ல பை ஒன்று அமைந்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும்.

முதலில் கடையில் ரெடிமேட் பை ஒன்றை வாங்கினார். முதல் நாளே வார் தையல் விட்டு, டூபா படியில் ஒரு இடி இடித்து, வாய் ஓரம் சப்பையானது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்புறம்தான் கையால் தைக்கிறவரைத் தேடிப் போனார்.

செருப்புக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்தத் தையல் அறை. வாத்தியங்களுக்கென்றே பை தைக்கும் பெண்மணி. நாற்பது வயது இருக்கும். பைக்காரம்மா என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். கதவைத் திறந்தால் மெழுகு ஏற்றிய கான்வாஸ் வாசனை. சுவரில் முடிந்த பைகள் உள்ளே ஒன்றுமில்லாமலே விறைப்பாக நின்றன.

சாவிக்காரர் கேட்ட கேள்விகள் கொஞ்சநஞ்சம் இல்லை. பூட்டுப் பார்த்த கை, லேசில் எதையும் நம்பாது. ஜிப்பை இழுத்துப் பார்த்தார். ஜிப் பல் பித்தளையைக் கீறாமல் இருக்க உள்ளே மறைப்புத் துணி உண்டா என்று விரலை விட்டுப் பார்த்தார். அடியில் தோல் ஒற்றையா இரட்டையா? டூபாவின் வாய் மேலே வருமா கீழே வருமா? மேலே வந்தால் தலையில் இடிக்குமே, கீழே வந்தால் படியில் இடிக்குமே! முதல் ஞாயிறு துணி மட்டும் முடிவானது. அடுத்த ஞாயிறு உள்ளே வைக்கிற பஞ்சு. மூன்றாவது ஞாயிறு அவர் கிளம்பியபோது அவருடைய மனைவி வாசலில் வழிமறித்தாள்.

"என்னைக் கட்டிக்க ஒரு மணி நேரத்துல முடிவு பண்ணீங்க. ஒரு பைக்கு மூணு ஞாயிறா?"

"அப்ப விவரம் பத்தல" என்றார் இவர்.

"இப்ப மட்டும் என்னவாம்? அந்த அண்டாவை வித்துட்டுப் புல்லாங்குழல் வாங்குங்க, சட்டைப் பையில வச்சுக்கிட்டுப் போகலாம்."

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில். ஈரப் போர்வைகளை மெஷினிலிருந்து அள்ளி வண்டியில் போடுகிற வேலை. வாய்தான் அப்படிப் பேசும். இரவு இவர் முதுகில் தைலம் தேய்த்துவிடுகிறவளும் அவள்தான்.

அந்த ஞாயிறு அளவு எடுத்தார்கள். முதலில் டூபாவைப் போர்வை விரித்த மேஜையில் கிடத்தி, குழாய் குழாயாக அளந்தாள் பைக்காரம்மா. அப்புறம், "நீங்க நில்லுங்கண்ணா" என்றாள்.

"எனக்கு எதுக்கு?"

"பை வாத்தியத்துக்குன்னா, வார் உங்களுக்குத்தானே. தோளும் மார்பும் அளக்காம வார் தைச்சா உங்களைப் பின்னால இழுத்துடும்."

டேப் மார்பைச் சுற்றியது. முப்பத்தாறு வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? குழுத் தலைவர் கோலைத் தூக்கினால் வயிறு வரைக்கும் காற்றை இழுத்து நிறுத்துவாரே, அப்படியே இழுத்து நிறுத்திவிட்டார். கூடவே முதுகையும் நிமிர்த்தினார். பல வருஷமாக நிமிராத முதுகு. உயிர் போகிற வலி. ஆனாலும் தன்னைவிடச் சின்ன வயசுப் பெண் முன்னால் கூனிக்கொண்டு நிற்பதா என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் நம்பி எழுதிக்கொண்டாள்.

பை முடிந்த அன்றைக்கு மனைவியும் கூட வந்தாள். "மூணு ஞாயிறு என்னோட போட்டி போட்டவளைப் பார்த்துடறேன்" என்று கிண்டல் வேறு. ஆனால் பையைப் பார்த்ததும் அவளும் அதைக் கையால் தடவிப் பார்த்தாள். கரும்பச்சை கான்வாஸ், அடியில் இரட்டைத் தோல், அளந்து வைத்த மாதிரி கைத்தையல். டூபா உள்ளே போய் உட்கார்ந்தபோது ஒரு சத்தமில்லை. சாவிக்காரர் ஜிப்பை மூடி, திறந்து, மறுபடி மூடினார். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு சிரிப்பு வராது.

பைக்காரம்மா அதைத் தூக்கி அவர் தோளில் மாட்டி, மார்புக் கொக்கியைப் போட்டாள். ஒரு கணம் கச்சிதமாக இருந்தது. அடுத்த கணம் அவர் மூச்சை விட்டார். வார் தொளதொளத்தது, டூபா பின்னால் சரிந்தது, அவர் தடுமாறி முன்னால் குனிந்தார், பையின் மேல் விளிம்பு பிடரியில் வந்து ஒரு போடு போட்டது.

பைக்காரம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "எப்படி இப்படி ஆச்சு? என் அளவு தப்பாதே!"

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்க அளவு சரிதாம்மா. இவர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பார். போட்டோ எடுத்தாலும் இப்படித்தான்."

சாவிக்காரர் பிடரியைத் தேய்த்துக்கொண்டார். காது சிவந்திருந்தது. இந்த முறை சாதாரணமாக நிற்கவைத்து, வார்களை இழுத்துக் குட்டையாக்கி, ஊசிகுத்தி மறுபடி மாட்டினார்கள். சரிந்த டூபா முதுகோடு ஒட்டி உட்கார்ந்தது. அறைக்குள் ஒரு சுற்று நடந்தார். கனம் இடுப்பில் இறங்கியது, தோள் வலிக்கவில்லை. "பாத்தியா?" என்றார் மனைவியிடம். "பெட்டிதான் கோளாறு. நான்தான் சொன்னேனே."

"படியில இறங்கிப் பாருங்க" என்றாள் அவள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

தெருவுக்கு இறங்கும் படிக்கட்டு குறுகல். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி. இன்னொரு படி. நாலாவது படியில் இடது கால் அவருடையதாக இல்லை. இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கைப்பிடியோடு அப்படியே வழுக்கி உட்கார்ந்துவிட்டார். டூபாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவு நல்ல பை.

"அண்ணா, இன்னும் லேசா தைக்க முடியுமான்னா, முடியாதுண்ணா" என்றாள் பைக்காரம்மா மேல்படியில் நின்றபடி. அவள் குரல் கெஞ்சுவது போல இருந்தது. "பையில குறைக்க ஒண்ணுமே இல்ல. மிச்சமெல்லாம் பித்தளை."

"உன் மேல ஒரு குத்தமும் இல்லம்மா" என்றார்.

குறை சொல்ல இனி ஒன்றும் பாக்கியில்லை. பெட்டி போயிற்று, கடைப் பை போயிற்று, அளவும் திருத்தியாயிற்று. எழுந்திருக்கப் பார்த்தார், கால் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வயசு ஆள், யாரோ ஒருவர் கடைப் படிக்கட்டில், எழ முடியாமல். அழுகை வந்தது. பூட்டு உடைந்தால் சரி செய்வார், இதற்கு என்ன செய்வார்?

மனைவி இறங்கி வந்தாள். மார்புக் கொக்கியைக் கழற்றினாள், தோள் வார்களை உருவினாள். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தாள். பையைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டு கடைசிப் படி வரைக்கும் இறங்கினாள். திரும்பி ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் கால் தடுமாறவில்லை.

"வார் எனக்கு நீளமா இருக்கு" என்றாள் பைக்காரம்மாவிடம். "எனக்கு அளவு எடுங்க."

"அடி, உனக்கு என்ன பைத்தியமா?" என்றார் சாவிக்காரர். "வாசிக்கிறவர்தான் தூக்கணும். குழுவுல தெரிஞ்சா?"

"பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி அந்தத் திருப்பம் இருக்கில்ல, அதுவரைக்கும் நான். அங்கேயிருந்து சமதரைதானே, உள்ள நீங்க மாட்டிக்கிட்டுப் போங்க. திரும்பி வர்றப்பவும் அங்கேயே நிக்கறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"ஆஸ்பத்திரியில நாள் பூரா தூக்கிட்டு..."

"வேண்டாம்னு சொல்லுங்க. கழட்டி வச்சுடறேன்."

அவள் மிரட்டவில்லை, நிஜமாகவேதான் கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. எந்தப் புருஷனும் சொல்லியிருப்பான், சொல்லியே ஆக வேண்டும் என்று அவருக்கும் தெரியும். சொன்னால் டூபா பரண் ஏறும். வெள்ளிக்கிழமை மச்சான் காரில் வந்து அந்த நாற்காலியில் உட்காருவான்.

பைக்காரம்மா டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். மனைவி கைகளை லேசாக விரித்து நின்றாள், அவரைப் பார்த்தபடியே.

"வலது தோள் பக்கம் பஞ்சு கொஞ்சம் கூடுதலா வைம்மா" என்றார் சாவிக்காரர், தலையைக் குனிந்துகொண்டு. "அவளுக்கு அந்தப் பக்கம் வலிக்கும்."