ஆள் இல்லாமல் போன ஜேர்சி

ஒரு உதைபந்தாட்டக் கழகத்தில் சேருகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு இன்னொரு கழகத்துக்கு நான் ஆடியது எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம். எனக்கு அப்போது பதினெட்டு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், கரம்பொன் ஊரில் அப்பாவின் புகையிலைத் தோட்டத்தில் நின்றேன். ஆட்களோடு பேசுவது எனக்கு இன்றைக்கும் வராது. கடைக்குப் போனால், என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்கும்வரை நிற்பேன். இந்தக் குணத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடற்கரையில் ஒதுங்கும் சாதாளை என்கிற கடற்பாசியைத் தோட்டத்துக்கு எருவாக மாட்டு வண்டியில் ஏற்றிவருவது என் வேலை. அந்தக் கரையில் இருந்தது கத்தோலிக்க மீனவர்களின் ஊரான கரையூர். மாதா கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் அவர்களுடைய மைதானம். ஒருநாள் பின்னேரம் அவர்களின் பந்து வேலியைத் தாண்டி என் மாட்டின் காலடியில் விழுந்தது. கையால் எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கப் போனால் ஏதாவது பேச வேண்டி வருமே என்று நின்ற இடத்திலிருந்து இடக்காலால் உதைத்தேன். அது நேரே கோல் கம்பங்களுக்கு நடுவால் போனது.

அவர்களுடைய கழகத் தலைவர் வேலியடிக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். வலை இழுத்துத் தடித்த கைகள்.

"தம்பி, நீர் ஆற்ற மகன்?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"இடப்பக்கத்துக்கு எங்களிட்ட ஆளில்லை. போன வருசம் முழுக்கப் பத்துப் பேரோடதான் ஆடினனாங்கள். வாறீரோ?"

"தோட்டக்காரற்ற பெடியனண்ணை. கடல்காத்துப் பட்டால் தடிமன் வந்திடும்" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு "ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

தலைவர் ஒரு நீல ஜேர்சியைக் கொண்டுவந்து தன் கையாலேயே என் தலைக்குள்ளால் மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு பூவரச மரத்தடியில் எல்லோரும் வட்டமாக இருந்து, பனையோலையில் கோலிய பிளாவில் ஒடியல் கூழ் குடித்தோம். நான் அங்கே குடித்தது வீட்டுக்குத் தெரியாது. அன்றிலிருந்து தலைவர் என்னை 'நீ' என்று கூப்பிட்டார். எனக்கு முன் இடப்பக்கத்தில் ஆடியவர் ஒரு மாரிகாலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்று பேச்சுவாக்கில் அறிந்தேன். அதற்கும் பத்துப் பேரோடு ஆடியதற்கும் தொடர்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆள் கிடைக்கவில்லையாக்கும் என்றுதான் நினைத்தேன்.

சில கிழமை கழித்து எங்கள் ஊரிலும் ஒரு கழகம் தொடங்கினார்கள். தலைவர் என் அக்காவின் புருசன். வீட்டுக்கு வந்து, அப்பாவுக்கு முன்னால் கதிரையில் இருந்துகொண்டு கேட்டார்.

"ஏன்ராப்பா, சொந்த மச்சான் கரையூருக்கு ஆடினால் ஊரில என்னைப் பாத்து என்ன சொல்லுவாங்கள்? நீ எங்களுக்குத்தான் ஆடுறாய். என்ன?"

அப்பா முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது தடவையும் "ஓம்" என்றேன்.

கடற்கரைக்குப் போய்ச் சொல்லத்தான் வேண்டும். சைக்கிளில் பாதி வழி போவேன். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே திரும்பி வருவேன். கடைசியில் ஜேர்சியைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, காயவைத்து மடித்து, காலையில் எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவருகிற கிழவரிடம் நீட்டினேன். அவரும் அந்த ஊர்தான்.

அவர் உடனே வாங்கவில்லை. முதலில் கைகளை வேட்டியில் துடைத்தார்.

"நீர் வரேல்லையோ, தம்பி?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"ஏதும் சொல்லிவிடுறதுக்கு இருக்கோ?"

அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன். அவர் ஜேர்சியை மீன் பெட்டியில் வைக்காமல் தன் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துக்கொண்டார். சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார். அன்று எங்கள் ஒழுங்கையில் அவர் மீன் என்று கூவவில்லை.

கரையூர் ஆட்கள் கோபிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஊர்காவற்றுறைச் சந்தைக்குப் பயந்து பயந்துதான் போனேன். ஆனால் யாரும் ஏசவில்லை. அங்கே தேத்தண்ணிக் கடையில் அவர்களில் இரண்டு பேர் இருந்தார்கள். என்னைக் கண்டதும் வாங்கிலில் ஒதுங்கி இடம் விட்டார்கள், செத்தவீட்டில் ஒதுங்குவதைப் போல. அவர்களில் ஒருவன்தான் நான் சேர்ந்த அன்றைக்குத் தடிமன் பகிடி விட்டவன். அவன் கடைக்காரரைப் பார்த்துச் சொன்னான்:

"உவரைப் பாக்க எங்கட இடப்பக்கத்துப் பெடியன்ர சாயல், என்ன?"

மற்றவன் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்து, "ஓம். ஆனால் அவன் இன்னும் கொஞ்சம் உசரம்" என்றான்.

பகிடிதான், இப்போது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

சோளகக் காற்று பிடித்திருந்த நேரத்தில் இரண்டு கழகத்துக்கும் ஆட்டம் வந்தது, அவர்களுடைய மைதானத்தில். நல்ல வெயில். உப்பும் மணலுமாகத் தரை கண்ணைக் கூசவைத்தது. அவர்கள் பத்துப் பேரோடு இறங்கினார்கள்.

"மற்றவர் வலையில மாட்டுப்பட்டிட்டாரோ?" என்று அத்தான் கேட்டார். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள்.

ஆட்டம் தொடங்க முன் அவர்களின் தலைவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவரும் "ஓம்" சொன்னார்கள். பத்துப் பெயரும் முடிந்த பிறகு என் பெயரைக் கூப்பிட்டார். எனக்கு வாய் தன்பாட்டில் திறந்தது. அவர் என் பக்கம் பார்க்கவேயில்லை. ஒரு ஆள் பதில் சொல்லி முடிக்கும் அளவு நேரம் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். பிறகு அவர், சரி என்பதுபோல் தலையசைத்தார்.

எங்கள் கழகத்தில் இடப்பக்கத்துக்கு வேறு ஆள் இருந்ததால் என்னைப் பின்னால் வலப்பக்கம் நிற்க வைத்திருந்தார்கள். அது அவர்களுடைய இடப்பக்கத்துக்கு நேர் எதிர். நான் தடுக்க வேண்டிய ஆள் நான்தான்.

"உன்ர ஆளைப் பிடியடா" என்று அத்தான் பழக்கத்தில் கத்தினார். பிறகு அந்த வெறும் இடத்தைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்கள் அந்த இடத்துக்குப் பந்தை அனுப்பினார்கள். ஒரு தடவை அல்ல, தவறியும் அல்ல. பந்து ஆளில்லாத மணலில் உருண்டு எல்லைக்கு வெளியே போகும். "நல்ல ஓட்டம், நல்ல ஓட்டம்" என்று கைதட்டுவார்கள். "இன்னும் கொஞ்சம் முன்னுக்கு நில்லடா" என்று தலைவர் சொல்வார். முதலில் எனக்கு லேசாக இருந்தது. பந்தை எடுத்து எங்கள் ஆட்களுக்கு எறிந்துவிடுவேன். இடைவேளைக்குப் பிறகு நான் அந்த இடத்துக்குக் கிட்டப் போகத் தயங்குவதைக் கவனித்தேன். பக்கத்தில் துணி படபடக்கிற சத்தம் கேட்டது. என் ஜேர்சிதான் காற்றில் அடித்திருக்கும். அதைப் பிடித்துக் காற்சட்டைக்குள் செருகினேன். சத்தம் நிற்கவில்லை.

ஆட்டம் முடியப் போகும் நேரம் தலைவர் இடது மூலைக்கு ஒரு நீண்ட பந்து அடித்தார். ஓடினால் எனக்குத்தான் அது. ஆனால் அவர்களின் இடப்பக்கத்தில் நின்று அந்தப் பந்தை வாங்கியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். உள்ளே வெட்டி இடக்காலால் அடித்திருப்பேன். அதை மறிப்பதற்காக உள்ளே நகர்ந்தேன். யாரும் வெட்டவில்லை. பந்து எனக்கு வெளியால் போனது. எங்கள் கோல்காப்பவன் இரண்டு கையையும் விரித்தபடி ஓடிவந்து, வெறும் மணலில் பாய்ந்து விழுந்தான். பந்து காற்றோடு வளைந்து, மெதுவாக, கோலுக்குள் உருண்டது.

அவர்கள் பத்துப் பேரும் அந்த மூலைக்கு ஓடி வட்டமாக நின்றார்கள். நடுவில், ஒரு ஆளின் தோள் உயரத்தில், காற்றைத் தட்டினார்கள்.

"ஆற்ற அடியடா அது?" என்று அத்தான் கோல்காப்பவனைக் கேட்டார்.

"வந்தவன்ர" என்றான் அவன். பிறகு மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வெயில் கண்ணுக்குள்ள" என்றான்.

பின்னாளில் நாங்கள் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது அவனிடம் அதைப் பற்றி ஒருமுறை கேட்டேன். வெயில், காற்று என்றுதான் அப்போதும் சொன்னான். எழும்பிப் போகும்போது, நான் கேட்காமலேயே, "இடக்காலால அடிச்சவன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஒரு கோலால் தோற்றோம். எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் சைக்கிள்களில் ஏறினார்கள். இப்போது சொல்லாவிட்டால் இனி எந்த மைதானத்திலும் என்னால் நிற்க ஏலாது என்று எனக்குத் தோன்றியது. சங்கிலி கழன்றுவிட்டது என்று அத்தானிடம் பொய் சொல்லிப் பின்தங்கினேன்.

பூவரசடியில் அவர்கள் கூழுக்கு இருந்தார்கள். மீன்காரக் கிழவரும் இருந்தார். வட்டத்தில் ஒரு இடைவெளி. அதற்கு முன்னால் மணலில் நிறைந்த பிளா ஒன்று.

"உங்கட ஆக்கள் போயிட்டினம்" என்றார் தலைவர்.

"அண்ணை." அதற்கு மேல் வர நேரம் எடுத்தது. "நான் வரமாட்டன், அண்ணை. உங்களுக்கு ஆட வரமாட்டன்."

குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கிழவர்தான் முதலில் பேசினார்.

"அண்டைக்கு என்னட்ட இதை வாயால சொல்லியிருக்கலாமே, தம்பி. உடுப்புத் தனிய வந்தால் ஆள் கடலோட போயிட்டான் எண்டெல்லோ எங்கட ஊரில நினைக்கிறது? ஒரு வருசம் இடத்தை வைச்சிருப்பம். மாதாவுக்கு மெழுகுதிரியும் கொழுத்தியாச்சு."

"உயிரோட இருக்கிறன்தானே" என்றேன்.

"தெரியும்" என்றார் தலைவர். "ஆனால் அவன் வந்து ஆடிக்கொண்டெல்லோ இருக்கிறான். உடுப்பைப் போட்டுக் கழட்டி என்ர கையில தந்தால்தான் போவான்."

பக்கத்திலிருந்த பையிலிருந்து ஜேர்சியை எடுத்தார். மற்றவர்கள் தங்களுடையதை இன்னும் உடம்பில் போட்டிருந்தார்கள். பையில் இருந்தது அது ஒன்றுதான். வாங்கியபோது ஈரமாக இருந்தது. முதுகிலும் கக்கத்திலும்தான் ஈரம், மற்ற இடமெல்லாம் காய்ந்திருந்தது. அருகில் தண்ணீர்க் குடம் ஒன்று இருந்தது. அதிலிருந்து பட்டிருக்கலாம் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். தலைக்குள்ளால் மாட்டினேன். சூடாக இருந்தது. புகையிலை மணத்தது. பச்சை இலை வெட்டுகிறவனின் வியர்வையில் வருகிற கசப்பு மணம். சவர்க்காரம் போட்டு நான் தோய்த்துக் கொடுத்த ஜேர்சி அது. அந்த ஊரில் யாரும் புகையிலை வெட்டுவதில்லை.

கழற்றித் தலைவரின் கையில் கொடுத்தேன். அவர் அந்தப் பிளாவை எடுத்துக் கூழை மணலில் ஊற்றினார்.

"சரி. இனி நீர் போகலாம், தம்பி."

அதற்குப் பிறகு அவர்கள் பதினொரு பேரோடு ஆடினார்கள். சாதாளை ஏற்றப் போன ஒரு பின்னேரம், வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திப் பார்த்தேன். இடப்பக்கத்தில் ஒரு புதுப் பெடியன், அந்த ஊர்க்காரன்தான், நீல ஜேர்சியோடு ஓடிக்கொண்டிருந்தான். இடைவேளையில் அவன் தோள் துணியை இழுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தான். மறுபடியும் மணந்தான். பிறகு தலையை நிமிர்த்தி வேலிப் பக்கம் திரும்பினான். நான் மாட்டைத் தட்டி வண்டியை ஓட்டினேன்.