அதிரும் நீரும் ஆய்வாளர் அறிவழகனும்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. காலையில் தூறல், பிறகு புழுக்கம்.

பாலக்கோட்டுப் பேருந்து நிலையத்தின் எதிரே, நனைந்த பதாகையில் 'முனைவர் அறிவழகன்' சிரித்துக்கொண்டிருந்தார். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு அன்று முற்பகல்தான். முன்கூட்டியே பதாகை வைத்தவர் மைத்துனர் பெரியண்ணன். பந்திக்கு இலை போட்ட பிறகு கல்யாணம் நிற்குமா என்பது அவர் கட்சி.

தக்காளி விவசாயியின் மகனான அறிவழகன், தனியார் கல்லூரியொன்றில் இயற்பியல் நடத்துபவர். பட்டம் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் இந்த ஆண்டோடு வெளியே. ஆய்வுப் பொருள் எளியது. அகன்ற தட்டில் விரற்கடை நீர் ஊற்றி, தட்டை மேலும் கீழுமாக அதிரவைத்தால், நீர்ப்பரப்பில் அலைகள் கட்டம் கட்டமாக எழும். அதை அவர் கணினியில் உருவகப்படுத்தினார். மென்பொருள் வேறொருவர் எழுதி இலவசமாக வழங்கியது. எண்களை மாற்றியது அறிவழகன். நீலம் எடுப்பாக இல்லையென்று அலைகளுக்கு ஊதா பூசியதும் அவரே. உண்மையான தட்டில் ஒருமுறை பார்க்கலாமே என்று நெறியாளர் சொன்னபோது, மடிக்கணினியின் பக்கத்தில் தண்ணீர் ஆகாது என்று மறுத்துவிட்டார்.

கல்லூரியிலேயே தேர்வு நடந்தது. புறத்தேர்வாளர் மதலைமுத்து ஊதா அலைகளை நெடுநேரம் பார்த்தார். ஆழம் குறைந்தால் தட்டின் அடிப்பரப்பு நீரை இழுத்துப் பிடிக்குமே, அலை ஏன் சற்றும் தளரவில்லை என்று கேட்டார். அந்த உராய்வைச் சேர்த்தால் படம் அழகாக வருவதில்லை, ஆகவே நீக்கிவிட்டேன் என்று அறிவழகன் பணிவோடு விளக்கினார். நெறியாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஃபெயில் போட மனசு வரல தம்பி. வெளிய காத்தாட நடந்துட்டே ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். பதில் சொல்லிட்டீங்கன்னா கையெழுத்து" என்று மதலைமுத்து எழுந்தார்.

கல்லூரி வாசலில் பெரியண்ணன் ஒலிபெருக்கிப் பெட்டிகளை முழங்கவிட்டிருந்தார். பட்டத்தோடு வரும் மருமகனுக்குச் சுற்ற, மாமியார் குள்ளம்மாள் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, வேறு இடமில்லாமல் தட்டை ஒரு பெட்டியின் மேலேயே வைத்திருந்தார். பெட்டி அதிர அதிர, அந்தச் செந்நீரின் பரப்பில் கட்டம் கட்டமாக அலைகள் எழுந்து நின்றன.

மதலைமுத்துவின் முகம் மலர்ந்தது. இதைவிட எளிய கேள்வியை எந்தத் தேர்வாளரும் எவரிடமும் கேட்டதில்லை. பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே தட்டைச் சுட்டிக் காட்டினார்.

"இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

அறிவழகன் குனிந்து, உற்றுப் பார்த்தார்.

"ஆலாத்தித் தட்டுங்க சார்."