நாற்பத்திரண்டில் என் பங்கு

மகள் நாற்பத்திரண்டு என்று சொன்ன காலையிலிருந்து ஒரு கிழமையாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவள் கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறாள். சாப்பாட்டு மேசைதான் கந்தோர். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் கொம்பனி வேலையை மூடிவிட்டுக் கோயில் வேலையைத் திறந்து வைத்திருந்தாள். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்தபோது திரையைப் பார்த்தபடியே, "நாப்பத்திரண்டு" என்றாள்.

"ஆருக்கு, பிள்ளை?"

"உங்கடை பிள்ளையாருக்கு."

எங்கள் பிள்ளையார் கோயில் திருவிழா பன்னிரண்டு நாள். ஒவ்வொரு நாளும் பகலுக்கு ஒரு குடும்பம், இரவுக்கு ஒரு குடும்பம் உபயம். ஆக இருபத்துநான்கு குடும்பம். வருடத்துக்கு வருடம் நாள் மாறி மாறி வரும். யாருக்கு எந்தப் பூசை என்று முந்தி கோயில் சபையார் கூடியிருந்து எழுதுவார்கள். எழுதி முடிக்கிறதற்குள் இரண்டு பேர் சால்வையை உதறிக்கொண்டு எழும்பிப் போய்விடுவார்கள். ஆறு வருடத்துக்கு முன்னர் மகள்தான், நான் ஒரு புரோகிராம் எழுதித் தருகிறேன், அது முகம் பார்க்காது என்று சொல்லிப் பொறுப்பெடுத்தாள்.

அது முகம் பார்க்காது. நான் பார்த்தேன்.

திருவிழாக் கிட்டினால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பின்படலையால் ஆட்கள் வருவார்கள். "அக்கா, அவர் கனடாவிலையிருந்து வந்து இறங்கவே நாலாம் திருவிழா ஆகியிடும். மகளிட்டை ஒருக்காச் சொல்லுங்கோவன்." "பெரியம்மா, சித்தப்பா வீட்டுக்குப் பிறகு எங்கடை வரக்கூடாது. ஏனெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே." எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வராது. ஓம் என்று தலையாட்டிவிட்டு மகளிடம் போய், சபையில் சொன்னவையாம் என்பேன். அவளும் எழுதிவிடுவாள்.

நாற்பத்திரண்டு எங்கிருந்து வந்ததென்று அன்று அவள் சொல்லித்தான் தெரியும். புரோகிராம் ஒரு வழியாகப் போய்க்கொண்டிருக்கும். 'இப்படியென்றால் இந்தப் பக்கம் போ' என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு இடத்திலும் பாதை பிரியும். ஒன்றிலே தொடங்கி, பிரிகிற இடத்துக்கெல்லாம் ஒன்று கூட்டினால் வருகிறது சிக்கல் எண். எண்ணிச் சொல்லவே ஒரு சின்னப் புரோகிராம் இருக்கிறதாம்.

"பத்து வரைக்கும் பறவாயில்லை. அதுக்கு மேலை போனால் கவனம். இதுக்குள்ளை ஒரு இடத்திலை கை வைச்சால் எங்கை உடையுமெண்டு எனக்கே தெரியாது. போன வருஷம் பாத்தனீங்கள்தானே."

பார்த்தேன். நாலாம் திருவிழாப் பகலுக்கு இரண்டு குடும்பம் பூத்தட்டோடு வந்து வாசலில் நின்றது. மகள் தேர்முட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

"அப்ப எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு எழுதன்."

"எண் கூடிப்போச்செண்டு எல்லாத்தையும் பிரிக்கேலாதணை. செத்த வீட்டுத் துடக்கு நாள் கணக்குப் பாக்கிற பகுதி இருபதுக்கு மேலை. ஆனால் எழுதின நாளிலையிருந்து ஒருத்தரும் அதைத் தொடேல்லை, பிழையும் விடேல்லை. அது கிடக்கட்டும். இது அப்பிடியில்லை. சிக்கலும் கூட, வருஷத்துக்கு ஆறு தரம் கையும் வைக்கிறன். இதைத்தான் திருத்தவேணும். திருவிழா நோட்டீஸ் அச்சுக்குப் போக ஒரு கிழமை கிடக்கு."

இந்த முறையும் பிழைத்தால் சபை பழையபடி கொப்பியில் கையால் எழுதத் தொடங்கிவிடும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். கொப்பிக்குப் போனால் போகட்டும் என்று எனக்கு இருந்தது. அவளுக்கு அப்படியில்லை.

திங்கட்கிழமை ஐந்து தாளை அச்செடுத்து வந்து ஒரு சிவப்புப் பேனையும் தந்தாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இங்கிலிசு எழுத்தை எழுத்தாகத் தெரியும், அவ்வளவுதான். பாதை பிரிகிற இடமெல்லாம் வருகிற அந்த இரண்டெழுத்துச் சொல்லைக் காட்டி, பக்கத்தில் இருக்கிற குடும்ப இலக்கத்தைச் சொன்னாள். அது யாருக்காக எழுதியது, இப்போதும் வேண்டுமா என்று நான் சொல்லவேண்டும்.

"ஏழு."

"அந்த மனிசி போன தையிலை செத்துப்போச்சு. இனி ஆருக்கு மாலைக்கண்? இரவுப் பூசை குடுக்கலாம்."

"வெட்டுங்கோ. பதினாலு, பதினைஞ்சு?"

"அண்ணனும் தம்பியும் மகளின்ரை கலியாணத்தோடை ராசியாகிட்டினம். ஒரே வாகனத்திலைதான் சந்தைக்குப் போகினம்."

"ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை பாருங்கோ. சண்டையெண்டால் மட்டும் வந்து சொல்லுவினம்."

இப்படிப் பன்னிரண்டு வெட்டினோம். வெட்ட வெட்ட நான் தாள்களை எண்ணினேன். மூன்றாம் தாள் முழுக்கச் சொந்தக்காரர் விதிதான் என்று அவள் முதலே சொல்லியிருந்தாள். அந்தத் தாள் வந்ததும் அடுப்பில் பால் என்று சொல்லி எழும்பிவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

மூன்றாம் தாளில் இருந்தது என்னுடைய பொய்.

என் கணவர் செத்த வீட்டில் மச்சாள், அவருடைய தங்கை, ஆட்கள் நிறைந்திருக்க, "என்ரை அண்ணைக்கு ஒருநேரமெண்டாலும் ஆறுதலாச் சாப்பாடு போட்டிருந்தால் இன்னும் இருந்திருப்பார்" என்றா. நான் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. அவ உடுவிலில், நான் இணுவிலில், சைக்கிளில் போகும் தூரம்தான். அடுத்த வருடம் மகள் முதன்முதலாகப் போட்ட பட்டியலில் எங்கள் பூசை பகல், மச்சாள் வீட்டுப் பூசை அதே நாள் இரவு. எங்கள் கோயிலில் ஒரு பூசை முடிய, அந்த உபயகாரரையும் அடுத்த பூசை உபயகாரரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தித்தான் காளாஞ்சித் தட்டம் கொடுப்பார்கள். தேங்காய், பழம், வெற்றிலையோடு தோள் முட்ட நிற்கவேண்டும். அவவோடு அப்படி நிற்க எனக்கு மனமில்லை. மகளிடம் போய், "துடக்குக் காக்கிற சொந்தக்காரரை அடுத்தடுத்துப் போடவேண்டாமாம், ஒரு சாவெண்டால் ரெண்டு பூசையும் நிண்டுபோகுமாம், சபை சொன்னது" என்றேன்.

எங்கள் இரண்டு வீட்டைத்தான் நினைத்துச் சொன்னேன். அவள் அதை எல்லா வீட்டுக்கும் விதியாக எழுதிவிட்டாள். இந்த ஊரில் யாருக்கு யார் சொந்தமில்லை? அப்படி அடுக்க வழியே இல்லாமல், இவருக்கு மட்டும் விடு, அவருக்கு வெள்ளி என்றால் விடு என்று விலக்குக்கு மேல் விலக்காகப் போட்டு வந்திருக்கிறாள்.

செவ்வாயும் புதனும் நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கூட்டிய முற்றத்தைத் திரும்பக் கூட்டினேன். கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டு மறந்து, தாங்கி நிரம்பி வழிந்தது. உள்ளே மகள் செயலாளரோடு போனில் கதைப்பது கேட்டது.

"இல்லை அங்கிள், சபை சொன்னதெண்டுதான் எழுதினனான். பழைய தலைவர் சொல்லியிருப்பாரோ? அவரும் இல்லை இப்ப. ஏன் போட்டதெண்டு தெரியாமல் எடுக்கப் பயமாயிருக்கு."

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "அம்மா, இந்தச் சொந்தக்காரர் விதி ஒண்டிலை பதினெட்டு விலக்குத் தொங்குது. இது போனால் அதெல்லாம் போகும். ஆர் சொன்னதெண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

"மறந்துபோனன்."

வியாழக்கிழமை அவளுக்குக் கண் சிவந்திருந்தது. நாளைக்குப் பட்டியல் கொடுக்கவேண்டும். முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தவள், தலை நிமிராமல், "இந்த விதியை அப்பிடியே விட்டிட்டு மிச்சத்தை மட்டும் ஒழுங்காக்கிறன். என்ன செய்யிறது" என்றாள். நான் சுளகை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். செத்த வீட்டில் தொடங்கி, சபை சொன்னது என்றது வரை. இலைகளைப் பார்த்தே சொன்னேன்.

அவள் கையிலிருந்த காம்பைக் கீழே வைத்தாள். பிறகு, "நான் அந்தப் பதினெட்டையும் சரிவர எழுத எத்தினை சனிக்கிழமை இருந்திருப்பன் தெரியுமே?" என்றாள். கோபமாக இல்லை. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"இப்ப எடுத்துவிடன்."

"என்ரை பாட்டுக்கு எடுக்கேலாது. வேலை மாறாமல் உள்ளை திருத்துறது என்ரை பாடு. விதியை மாத்திறதெண்டால் சபை ஓம் எண்டவேணும். நான் பிழையா விளங்கி எழுதிப்போட்டன் எண்டு சொல்லுறன்."

"வேண்டாம். நான் சொன்னதெண்டு சொல்லு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "விதி போனால் நீங்களும் மாமியும் பக்கத்திலை பக்கத்திலை வந்தாலும் வரும். ஓட்டிப் பாத்தால்தான் தெரியும். உங்களுக்கெண்டு தனியா ஒண்டு போட்டுத் தரட்டே? ஒண்டுதானே, ஒருத்தருக்கும் தெரியாது."

அந்த ஒன்று எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது. இலைக்காம்பை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தேன். எல்லாரும் அப்படி ஒன்றுதானே என்று கேட்டுத்தான் பின்படலையால் வந்தார்கள்.

"போடாதை" என்றேன்.

முதலில் பன்னிரண்டு செத்த நிபந்தனையையும் எடுத்து, போன ஆறு வருடப் பட்டியலையும் பழையதிலும் புதியதிலும் ஓட்டி ஒப்பிட்டாள். எந்தப் பூசைக்கும் இரண்டு குடும்பம் விழவில்லை. பிறகு செயலாளரிடம் போய்ச் சொல்லிச் சபையின் சம்மதம் வாங்கிக்கொண்டு வந்து என் விதியையும் அதில் தொங்கியதையும் எடுத்தாள். மிச்சத்தை இரண்டு துண்டாக்கினாள். ஒன்றின் சிக்கல் எண் ஏழு, மற்றதின் எண் ஐந்து. செயலாளர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "சிரிச்சார்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் கோயில் பக்கம் போகவில்லை.

நோட்டீஸ் வந்தது. ஆறாம் திருவிழாப் பகல் நாங்கள், இரவு மச்சாள் வீடு.

ஆறாம் திருவிழா வரைக்கும் நாளை எண்ணி எண்ணி இருந்தேன். அன்று பகலுக்கு எங்கள் பூத்தட்டு ஒன்றுதான் வந்தது. மகள் வாசலைப் பார்த்துப் பார்த்து நின்றாள், இரண்டாவது தட்டு வரவில்லை என்று கண்ட பிறகுதான் உள்ளே வந்தாள். பூசை முடிந்தது. ஐயர் கூப்பிட்டார். எனக்கு இடப்பக்கம் ஒரு சேலை சரசரத்தது. நான் பார்க்கவில்லை. தட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், தேங்காய் உருண்டது.

"தேங்காய் விழப்போகுது, மச்சாள்."

ஏழு வருடத்தில் அவ என்னோடு கதைத்த முதல் கதை. நான் தேங்காயை நிமிர்த்தி வைத்தேன்.

கொஞ்சம் பொறுத்து, திரும்பாமலே, மெல்ல, "மகன் வந்து இறங்க இந்தமுறையும் தேர் நாளாகியிடும். வாற வருஷம் எங்கடையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளச் சொல்லி உம்மடை மகளிட்டை ஒருக்காச் சொல்லுமன்" என்றா.

ஓம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஓம் என்றால் எல்லாம் முடிந்துவிடும், இன்றைக்கே இரண்டு பேரும் ராசி. மகள் தூணோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சபைக்கு எழுதிக் குடுங்கோ மச்சாள். அவை சொன்னால் அவள் செய்வாள்."

மச்சாள் அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தா. "உமக்குக் கதைக்கவும் தெரியுமே" என்றா.

அது குத்தலா, பகிடியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தட்டத்தோடு அவ முன்னால் நடந்தா. நானும் பின்னால் நடந்தேன்.