மாமன் மாலை

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு எல்லப்பன் எத்தனையோ முறை போயிருக்கிறான். மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவனுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றுவதும் இறக்குவதும்தான் பிழைப்பு. கண்ணாடிக் கதவைத் தாண்டி அவன் உள்ளே போனது 2007 ஏப்ரலில்தான். டென்மார்க்கில் தங்கை மகளுக்கு ஏதோ விசேஷம். டிக்கெட் அனுப்பியவர் தங்கை புருஷன் ஹென்ரிக். தங்கை பிரபா உயிரோடு இல்லை. முந்தின வருஷம் மார்பில் புற்றுநோய் கண்டு போய்விட்டாள்.

திருப்போரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கடற்கரை ஓட்டல் ஒன்றுக்கு வேலைக்குப் போனவள் பிரபா. அங்கே தங்கவந்த ஹென்ரிக்கைத்தான் கட்டிக்கொள்வேன் என்று 1992இல் பிடிவாதமாக நின்றாள். திருப்போரூர் முருகன் கோயிலில் தாலி கட்டினார்கள். அன்று எல்லப்பன் வேண்டுமென்றே வேடந்தாங்கலுக்குச் சவாரி எடுத்தான். மாப்பிள்ளைக்கு மைத்துனன் போட வேண்டிய மாலையை ஓட்டல் மேனேஜர் போட்டார்.

பிறகு பிரபா பேசியது ஒரே ஒரு முறை, ஆஸ்பத்திரியிலிருந்து.

"ண்ணா, எனக்குத்தான் வரல. எம் பொண்ணுக்கு ஒரு நல்லது நடந்தா மாமனா வந்து நிப்பியா?"

"நிக்கிறேம்மா" என்றான்.

ஆகவே, ஹென்ரிக் போனில் கூப்பிட்டதும் சரி என்றுவிட்டான். என்ன விசேஷம் என்பது மட்டும் பிடிபடவில்லை. மனைவி வேண்டா அதை ஒரே நிமிஷத்தில் தீர்த்துவைத்தாள்.

"இன்னாவாம்?"

"சர்ச்சுல ஏதோ செய்றாங்களாம். பொண்ணுக்குப் பதினாலு வயசாம். புதுத்துணி, சொந்தக்காரங்க, விருந்துன்றாரு. இனிமே அவ பெரிய பொண்ணாம்."

"வயசுக்கு வந்துட்டுகீறா, வேற இன்னா? அத மச்சான்காரன்கிட்ட வாய வுட்டா சொல்லுவாரு?"

"வெள்ளக்காரன் இதுக்கெல்லாம் ஊரக் கூப்புடுவானா?"

"நம்ம பொண்ணுக்கு நீ மட்டும் மைக் செட்டு கட்டி ஊரக் கூப்புடல? கம்முனு சீர் வாங்கிக்கினு போ."

அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை, கண்ணாடி வளையல், மஞ்சள், குங்குமம் எல்லாம் சேர்ந்தன. பூமாலை வழியிலேயே வாடிவிடும் என்று ஏலக்காய் மாலை கட்டச் சொல்லி வாங்கினான். பெட்டியை மூடும்போது வேண்டா சொன்னாள்: "நீ போடுற மாலைய பொழுது சாயற வரைக்கும் அவ கழட்டக் கூடாது. வாழப்போற பொண்ணு. கிட்டவே நின்னு பாத்துக்கோ."

அவன் போய் இறங்கிய ஊரில் காற்று காதை அறுத்தது. வீட்டில் பெட்டியை வைத்ததும் ஹென்ரிக் கார்ச் சாவியை எடுத்தார். பிரபாவைப் புதைத்த இடம் சர்ச்சை ஒட்டியே இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். எல்லப்பன் தலையை ஆட்டி மறுத்தான். நல்ல காரியம் முடியாமல் சமாதிக்குப் போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை என்று டூரிஸ்டுகளிடம் பழகிய இங்கிலீஷில் சொன்னான். ஹென்ரிக் சாவியை ஆணியில் மாட்டினார். சமையலறை வாசலில் பிரபாவின் மூக்கோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பிரபா வைத்த செல்லப்பெயர் அம்மு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சர்ச்சில் அவனை முன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மடியில் மாலைப் பை. பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். அம்மு வெள்ளை கவுன் போட்டிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பையன், பின்னால் இரண்டு பையன்கள். எல்லப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பாதிரியார் ஒவ்வொரு பிள்ளையாக முழங்காலிட வைத்துத் தலையில் கை வைத்தார். பையன்களின் தலையிலும் அதே கை, அதே ஜெபம்.

இது வயசுக்கு வந்த சடங்கே இல்லை என்று உறைத்ததும் அவனுக்குக் காது சூடாயிற்று. வீட்டில் மேசைமேல் எடுத்துவைத்துவிட்டு வந்த மஞ்சளும் வளையலும் நினைவுக்கு வந்தன. ஆனால் நிற்கிறேன் என்று சொல்லியாயிற்று. என்ன சடங்காக இருந்தால் என்ன, மாமன் மாமன்தான்.

வெளியே படிக்கட்டில் போட்டோ எடுக்கும்போது அம்முவின் கழுத்தில் மாலையைப் போட்டான். கூட்டம் கை தட்டியது. ஏலக்காய் வாசனைக்கு யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"இது என்ன, மாமா?" அம்முவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும்.

வேண்டா சொன்ன காரணத்தை இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? வேறொன்று வாயில் வந்தது. "உங்கம்மா கல்யாணத்துல நான் வந்து மால போட்டிருக்கணும் கண்ணு. போடல. அதான் ஒனக்கு."

அவள் அதை மெதுவாகப் புரிந்துகொண்டாள். "அம்மாவுக்கா?"

"ஆமா."

அவன் கையைப் பிடித்தாள். சர்ச்சைச் சுற்றிப் பின்பக்கம் அழைத்துப்போனாள். முழங்கால் உயரத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கல் நின்றது. அதில் பிரபாவின் பெயர், ஹென்ரிக்கின் குடும்பப் பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம். அப்பாசாமி மகள் என்று அவர்கள் அப்பாவின் பெயர் எந்த மூலையிலும் இல்லை.

அம்மு இரண்டு கைகளாலும் மாலையைத் தலைவழியாகக் கழற்றினாள். வேணாம்மா, கழட்டாத என்று கத்த வந்தது. அதற்குள் அவள் குனிந்துவிட்டாள். கல்லின்மேல் மாலையை மாட்டி, நடுவில் வருமாறு சரிசெய்தாள். பிறகு அவனைத் திரும்பிப் பார்த்தாள். சரியாகச் செய்துவிட்டோம் என்ற முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த மாலையைத் திரும்ப எடுக்க அவனால் முடியவில்லை. கல்லில் கிடந்ததை மறுபடி அந்தக் கழுத்தில் போடவும் கூடாது. ஈரப் புல்லில் அப்படியே நின்றான்.

விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே ஊரிலிருந்து போன்.

"மால போட்டியா?" என்றாள் வேண்டா.

"போட்டேன்."

"கழட்டலயே?"

ஜன்னலுக்கு வெளியே வெயில் இன்னும் இருந்தது. அந்த ஊரில் பொழுது சாய வெகுநேரம் ஆகும் போலிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அம்மு வெறுங்கழுத்தோடு உட்கார்ந்து, பட்டுப்புடவையை மடியில் வைத்துச் சரிகையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றான். "கழுத்துலதான் கீது."