செவிநேயனின் ஆண்டிறுதிப் பட்டியல்

கணினித் திரையின் அருகே கையைக் கொண்டுசென்றால் மயிர்க்கால்கள் சிலிர்த்து நிற்கும்... அந்நாளின் பருத்த கண்ணாடித் திரைகள் அப்படி.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் இறுதி. பெரம்பலூர்ப் பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய மாடியில் நண்பர் பாஸ்கர் இணைய மையம் நடத்திவந்தார். பலகைத் தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைச்சீலை. அதனுள் அமர்ந்துதான் 'செவிநேயன்' என்னும் புனைபெயரில் வலைப்பூ எழுதினேன். தனித்தமிழ் மேடைகளில் பேச்சாளனாக முழங்கும் நானே அவன் என்பது பாஸ்கர் ஒருவருக்கே தெரியும்.

ஆண்டு முடிகையில் வலைப்பூக்கள்தோறும் சிறந்த பாடல்களின் பட்டியல் வரும். நானும் ஒன்று வெளியிட்டேன். என் விதி ஒன்றே: ஆங்கிலம் கலந்த பாட்டுக்கு இடமில்லை. அவ்விதியால் உச்ச நடிகர் ஒருவரின் பாடல்கள் அத்தனையும் வீழ்ந்தன. அதோடு விட்டேனா... 'இவை இசையல்ல, இரைச்சல்' என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

மறுநாள் முற்பகல், மாடிப்படியில் செருப்பொலி.

"பாஸ்கரு, எங்காளத் திட்டுன லிஸ்ட்டு ஒங் கடையிலதான் இருக்காமே?"

குரும்பலூர் முருகேசன், அந்நடிகரின் மன்றத் தலைவன். உடன் நாலைந்து பேர். பாஸ்கரின் மையத்தில் பட்டியலைப் படித்த மாணவன் ஒருவன் தேநீர்க் கடையில் சொல்லிவிட்டான்.

"எந்தப் பொட்டில இருக்குன்னு காட்டு. அழிச்சிரு. இல்லன்னா பொட்டியத் தூக்கிட்டுப் போயி கொளத்துல போட்டுருவோம்."

"அது என் பொட்டில இல்லடா முருகேசா. எங்கயோ அமெரிக்காவுல இருக்கு."

"அமெரிக்காக்காரன் எதுக்குடா எங்காளத் தமிழ்ல திட்டுறான்?"

எந்தக் கணினியிலும் அது தெரியும் என்று மெய்ப்பிக்க எண்ணிய பாஸ்கர், இரண்டு கணினிகளில் அப்பக்கத்தைத் திறந்தார். "பாத்தியா, இதுலயும் ஏத்தி வச்சிருக்கான்" என்று ஒருவன் இரண்டின் கம்பிகளையும் பற்றினான். அக்கணினிகளே பாஸ்கர் குடும்பத்தின் சோறு.

நானோ சீலைக்குப் பின்னே இருந்தேன். ஒலிபெருக்கியைக் கண்டால் சீறும் நான் சீலையின் ஓரத்தை இழுத்து மூடினேன். வெளியே போனால் அடி. போகாவிடில் நண்பரின் பிழைப்பு. என் கணினியிலோ செவிநேயனாகவே உள்நுழைந்திருந்தேன். திரையை அணைத்துவிட்டுச் சீலையை விலக்கினேன்.

முருகேசனின் முகம் மலர்ந்தது.

"அண்ணே, இங்கதான் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. அவன் தூய தமிழ்ல திட்டியிருக்கான். நமக்கு அது வராதுங்க. நீங்க ஒரு பதிலு போடுங்கண்ணே. இனிமே அவன் வாயத் தொறக்கக் கூடாது."

பாஸ்கர் கண்ணாலேயே வேறு கணினியைக் காட்டினார். அமர்ந்தேன். கழுத்தின் பின்னே அவர்களின் மூச்சு. "செவியிருந்தும் கேளாதவனே" என்று என்னை நானே ஏசினேன்.

"இன்னுங் கொஞ்சம் காட்டமாங்கண்ணே."

கூட்டினேன். பாஸ்கர் கூரையைப் பார்த்தபடி நின்றார்.

"கீழ உங்க பேரையே போட்ருங்க. பாத்தாலே பயந்துருவான்."

போட்டேன். பயந்துதான் இருந்தான்.

கணினிகள் பிழைத்தன. எனினும் பல நாள்கள், அரியலூர்ப் பேருந்தில் யாரேனும் "அண்ணே" என்றழைத்தால்கூட அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவேன்...

இப்போது பட்டியலை என் பெயரிலேயே இடுகிறேன். சென்ற முறை அந்நடிகரின் பாடல்களை அன்றைவிடக் கடுமையாகச் சாடினேன். கட்டைவிரல்கள் சில உயர்ந்தன... அவ்வளவே. அண்மையில் முருகேசனைக் கண்டபோது, பட்டியலைப் படித்தாயா என்று கேட்டேன்.

"எந்த லிஸ்ட்டுங்கண்ணே? நமக்கு எது புடிக்கும்னு போனே போட்டுருதுங்க. அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு."

செவிநேயன் யாரென்று அவனுக்கு இன்றளவும் தெரியாது. இப்பதிவு அவன் கண்ணில் படலாம். இதை இருமுறை அழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்... ஆயினும், வாசலில் வந்து நின்று ஒருமுறை சண்டை பிடிக்கமாட்டானா என்றும் இருக்கிறது.