தோலில் ஏறிய இரவல் மொட்டை

2024 ஜனவரி 29, திங்கட்கிழமை. காலை எட்டரைக்குக் கடையைத் திறந்தேன். லேசர் மெஷினுக்குள் இருக்கும் தேன்கூடு போன்ற இரும்புத் தட்டை வெளியே எடுத்து, படிந்திருந்த கரியைத் துடைத்தேன். லென்ஸைப் பஞ்சால் ஒற்றினேன். குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்தேன். புகை வெளியேற்றும் ஃபேனைப் போட்டேன். கழிவுத் தோல் ஒன்றில் சிறு கட்டங்களாகச் சுட்டுப் பார்த்து, அன்றைய தோலுக்கு எவ்வளவு பவர், எவ்வளவு ஸ்பீட் என்று முடிவு செய்தேன். எந்த நாளும் இதே வரிசைதான். வரிசை மாறினால் தவறு நடக்கும். மாறாவிட்டாலும் நடக்கும், ஆனால் பழி யார் மேல் என்பது தெளிவாகத் தெரியும்.

கடை திருத்தணி மலையடிவாரத்தில் இருக்கிறது. முதலாளி என் அக்கா வீட்டுக்காரர். நான் அவரைப் பாவா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். பர்ஸ், பெல்ட், ஃபிரேம் போட்ட தோல் படம் என்று வாடிக்கையாளர் கொடுக்கும் போட்டோவைத் தோலில் சுட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். சுடும்போது முடி பொசுங்கும் வாடை வரும். மொட்டை போடும் ஊர் என்பதால், மலையில் எடுத்த முடியையெல்லாம் இங்கேதான் எரிக்கிறோம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

வாடிக்கையாளர்கள் பக்தி மிகுந்தவர்கள். கோயிலுக்குள் போகும்போது தோல் பெல்ட்டைக் கழற்றி வைப்பார்கள். இறங்கி வந்ததும் முருகனைப் பர்ஸில் சுடச் சொல்வார்கள். பர்ஸ் பின் பாக்கெட்டுக்குப் போகும். அதன் மேல் அவர்கள் உட்காருவார்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே நாங்கள் கேட்பதில்லை.

முட்டை

அன்று முதல் வாடிக்கையாளர் ஜெயவேலு. விசைத்தறி முதலாளி. திருத்தணியில் புது வீடு கட்டி முடித்திருந்தார். புதன்கிழமை கிரகப்பிரவேசம். போனில் ஒரு படத்தைக் காட்டினார். அதில் அவர் மொட்டைத் தலையுடன் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் நின்ற அவர் தலையிலோ அடர்த்தியான முடி.

"இது எப்ப எடுத்தது?" என்று கேட்டேன்.

"ஐப்பசியில மாஸ்டர். அப்புறம் வளந்துடுச்சு."

பாவா அவர் தலையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா உரம் போட்டீங்க?" என்றார்.

ஜெயவேலு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உண்மையைச் சொன்னார். கொரோனாவில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகன் பிழைத்தால் அவன் முடியைக் காணிக்கை தருவதாக அவர் அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டார். மகன் பிழைத்தார். பிழைத்ததும் சென்னைக்குப் போய், முன்மண்டை வழுக்கையில் புதிதாக முடி நட்டுக்கொண்டார். நட்ட முடியைக் கொடுக்க மனம் வரவில்லை. மொட்டை போட்டாயிற்று என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மூன்று மாதமாகப் பள்ளிப்பட்டுப் பக்கமே போகவில்லை. அம்மா அங்கே தம்பி வீட்டில் இருக்கிறார். வேண்டுதல் தீர்ந்ததைக் கண்ணால் பார்க்காமல் புது வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அம்மா ஏறாமல் பால் காய்ச்ச முடியாது.

"போன் ஆப்ல மொட்டை போட்டு, தம்பி போனுக்கு இந்தப் படத்தை அனுப்பிப் பாத்தேன் மாஸ்டர். என் பையன் அதே போன்ல, அவன் யானை மேல குந்திகினு போற மாதிரி பண்ணி ஆயாகிட்ட காட்டிகீறான். அதனால அம்மா நம்பல. தோல்ல சுட்டு, ஃபிரேம் போட்டுக் கூடத்துல மாட்டினா நம்பிடுவாங்க. நாளைக்குக் காலையில வராங்க."

பொய்யைக் கொஞ்சம் கனமான பொருளில் செய்தால் அது சாட்சி ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. ஊரில் பலருக்கும் அந்தக் கணக்குதான்.

ராணிப்பேட்டையிலிருந்து வந்த, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட நல்ல வெஜ் டான் தோலை எடுத்துச் சுட்டேன். வெளிர் தோலில் லேசர் கறுப்பை மட்டும்தான் சுடும். நிழல் இருக்கும் இடத்தில் புள்ளி விழும், வெளிச்சம் இருக்கும் இடத்தைச் சும்மா விட்டுவிடும். போன் ஆப் போட்டுக் கொடுத்த மொட்டையில் நிழலும் இல்லை, மழித்த முடியின் பொட்டும் இல்லை. ஜெயவேலுவின் புருவம் வந்தது, மூக்கு வந்தது, கும்பிட்ட கைகளில் மோதிரம்கூட வந்தது. புருவத்துக்கு மேலே வெறும் தோல்.

"முட்டைக்கு மீசை வெச்ச மாதிரி கீது," என்றார் பாவா.

ஜெயவேலுவின் முகம் வாடியது. "இன்னா மாஸ்டர் பண்றது? அம்மா ஏறலன்னா சொந்தக்காரங்க முன்னாடி என் மானம் போயிடும்."

தலைக்கா பஞ்சம்

"திருத்தணியில தலைக்கா பஞ்சம் மச்சான்?" என்று கேட்டுவிட்டுப் பாவா தெருவில் இறங்கினார். கரும்புச் சாறு கடையில், சந்தனம் இன்னும் பூசாத புது மொட்டையுடன் ஒருவர் நின்றிருந்தார். நகரிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். பாவா தெலுங்கில் பேசி அவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"நா குண்டு அந்த பாகுந்தா சார்?" என்று கேட்டார் அவர். தன் மொட்டை அவ்வளவு நன்றாகவா இருக்கிறது என்று அவருக்கே வியப்பு. மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு குனியச் சொன்ன இடத்தில் குனிந்தார். நான் படம் எடுத்தேன். பாவா வாங்கிக் கொடுத்த சாற்றைக் குடித்துவிட்டு, எதற்கென்று கேட்காமலே போய்விட்டார்.

அந்தத் தலையை ஜெயவேலுவின் புருவத்துக்கு மேல் பொருத்தி, வெளிச்சம் சரிசெய்து, இன்னொரு தோலில் சுட்டேன். மெல்லிய பிரஷ்ஷால் கரியைத் தட்டினேன். பொட்டுப் பொட்டாக மழித்த முடி, கத்தி போன தடம், எல்லாம் துல்லியம். தொழில் என்ற அளவில் நான் செய்த மிக நல்ல தோல் படங்களில் அதுவும் ஒன்று. ஜெயவேலு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்! மாலையில் மனைவியை அனுப்பி வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத் தலையைச் சீவியபடி போனார்.

இரண்டு சுழி

மாலையில் அவர் மனைவி கற்பகம் வந்தார். படத்தைக் கையில் வாங்கி, ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தார்.

"இது யாரு தலைண்ணா?"

"சார் தலைதாம்மா," என்றார் பாவா.

"பதினெட்டு வருஷமா நான் எண்ணெ வெச்சிகினு வர தலை எனக்குத் தெரியாதா? ரெண்டு சுழி கீது பாருங்க. அவருக்கு ஒரு சுழிதான்."

பார்த்தேன். நகரிக்காரரின் உச்சியில் இரண்டு சுழிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. லேசர் ஒன்றையும் விடவில்லை.

"ரெண்டு சுழிக்காரனுக்கு ரெண்டு பொண்டாட்டின்னு சொல்லுவாங்க. இத்த கூடத்துல மாட்டினா, வர சொந்தக்காரங்க எல்லாம் இன்னொருத்தி எங்கன்னு ஊட்டுக்குள்ள தேடுவாங்க."

"ஒரு சுழிய அழிச்சிடலாம்மா," என்றேன்.

"ஆங், அழிங்க. சின்ன வயசுல தறிக்கட்டையில இடிச்சிகினு தையல் போட்ட தழும்பு எங்க? எங்க அத்தைதான் அவரைத் தூக்கினு ஓடினாங்களாம். அவங்க மொதல்ல அத்தத்தான் தேடுவாங்க."

தழும்பு நேர்க்கோடா, வளைந்ததா என்று கேட்டு நான் பென்சிலையும் எடுத்துவிட்டேன். கற்பகம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கணவருக்குப் போன் போட்டு வரவழைத்தார்.

"ஏங்க, ஊரான் தலைய இரவல் வாங்கி, சுழிய அழிச்சி, தழும்பு வரையறதுக்கு, உங்க தலையவே குடுத்தா இன்னா?"

"ஒவ்வொண்ணா நட்ட முடிடி."

"வேரு உள்ள கீது, மழிச்சாலும் வரும்னு டாக்டரே சொன்னாரு."

"வரலன்னா?"

"உசுரு வந்திச்சே, அத்த நெனச்சிக்கங்க."

"நாளைக்குச் செவ்வாக்கெழமை. முடி எடுக்கக் கூடாது."

"முருகன் கோயில்ல செவ்வாக்கெழமை ஆவாதா? இதுவும் டாக்டர் சொன்னதா?"

ஜெயவேலு குரலைத் தாழ்த்தினார். "ஐப்பசியிலயே எடுத்துட்டேன்னு சொல்லிட்டேனே. இப்ப மொட்டையா நின்னா பொய்யின்னு தெரிஞ்சிடுமே."

"ரெண்டாவது வேண்டுதல்னு சொல்லுங்க. பொய் சொல்றதுக்கும் நான்தான் கத்துக் குடுக்கணுமா?"

அவர் தலையை மெதுவாக ஒருமுறை தடவிக்கொண்டார். படத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு இருவரும் போனார்கள்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குரோமிய உப்பில் பதனிட்ட க்ரோம் தோலைச் சுடாதீர்கள், புகை நுரையீரலுக்கு ஆகாது. தோல் என்று சொல்லி ரெக்சினைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுங்கள், அது மெஷினையும் அரிக்கும். இவை எல்லோரும் சொல்வது. யாரும் சொல்லாதது: தோலை வெட்டுவதற்கு முன் தலை யாருடையது என்று கேளுங்கள். மெஷின் அதைக் கேட்காது. வாங்கும்போது பவர் எவ்வளவு, எத்தனை வருட வாரண்டி என்று விசாரித்தோம், மனசாட்சி உண்டா என்று விசாரிக்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. தட்டை வெளியே எடுப்பதற்குள் கார் வந்து நின்றது. ஜெயவேலு இறங்கினார். முழு மொட்டை. காதோரம் கத்தி பட்டு ரத்தம் கசிந்திருந்தது. பின்னால் கற்பகமும், கையில் பையோடு ஒரு வயதான அம்மாவும் இறங்கினார்கள். பள்ளிப்பட்டு அம்மாதான்.

"ஐப்பசியில ஒண்ணு, தையில ஒண்ணாம்," என்றார் அந்த அம்மா என்னிடம். "முருகன் வட்டியோட வசூல் பண்ணிகினாரு."

மேசை மேல் கிடந்த தோல் படம் அவர் கண்ணில் பட்டது. "இது யாருபா?"

ஜெயவேலு என்னைப் பார்த்தார். பாவா இருமினார்.

"மூஞ்சி உங்க பையனுதும்மா. தலை நகரிக்காரர் ஒருத்தருது," என்றேன்.

அந்த அம்மா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். "இத்த மாட்டாதீங்க. அவன் இன்னா வேண்டிகினு குடுத்தானோ, அந்தப் புண்ணியம் அவனுக்கே போவட்டும். இவன இப்பவே படம் புடி. சந்தனம் பூசறதுக்கு முன்னாடி, தழும்பு தெரியற மாதிரி. கீழ இன்னிக்குத் தேதி போடு. அது கூடத்துல ஏறட்டும், அப்புறம் நான் படி ஏர்றேன்."

"தேதி எதுக்கும்மா?" என்றார் ஜெயவேலு. "ரெண்டாவது வேண்டுதல்தான்னு சொன்னேனே."

"அதுக்குத்தான் நைனா. அடுத்த வருஷம் மூணாவதுன்னு சொல்லுவே."

குனியச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டேன். படத்தைச் சரிசெய்ய நேரம் பிடிக்கும். அதற்குள் தேதி வேண்டாமென்று ஜெயவேலு ஏதாவது பேரம் பேசுவார் என்று தெரியும். ஃபேனைப் போட்டேன், புதுத் தோலைத் தட்டில் விரித்தேன், படத்துக்கு முன்பே தேதியைச் சுட்டு முடித்தேன்.