நட்சத்திர வனத்துப் பின்கேட்

திருவோண நட்சத்திரத்தில் பிறந்தவர்களைச் சமாளிப்பதுதான் என் வேலையிலேயே பெரிய பாடு. திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி ஓர் அறக்கட்டளை நடத்தும் நட்சத்திர வனத்தில் எனக்கு டிக்கெட் கவுன்ட்டர். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் தனித்தனி மரம் உண்டு. ரோகிணி என்றால் நாவல், மகம் என்றால் ஆல், அனுஷம் என்றால் மகிழம். வருகிறவர்கள் தங்கள் பெயரிலோ பிள்ளைகள் பெயரிலோ ஒரு கன்றுக்குப் பணம் கட்டுவார்கள். நாங்கள் அதை நட்டு, பெயர்ப்பலகை மாட்டி, வளர்க்க வேண்டும். திருவோணத்துக்கு வாய்த்தது எருக்கு. "ரோட்டோரம் சும்மா கெடக்குற எருக்கஞ்செடிக்குக் காசு கட்டணுமா?" என்று, ஏதோ நான்தான் அவர்களை அந்த நட்சத்திரத்தில் பெற்றுப்போட்டது போல என்னை முறைப்பார்கள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து எங்கள் மேனேஜர் மேடம் வருவார். "இந்த வனத்துல தண்ணி இல்லாட்டியும் தாங்குற செடி உங்களுதுதாங்க. கெட்டியான நட்சத்திரம்" என்பார். முறைத்தவர்கள் சிரித்துக்கொண்டே பணம் கட்டிவிட்டுப் போவார்கள்.

மேடம் அடி அண்ணாமலைக்காரர். விவசாயக் குடும்பம், தோட்டக்கலை படித்தவர். அவர் வருவதற்கு முன்பு அந்த இடம் முழுக்க முள்ளும் புதரும்தான். மலைச்சரிவிலிருந்து புள்ளிமான்கள் இறங்கி வந்து மேயும், ஒரு சிமென்ட் தொட்டியில் தண்ணீர் குடிக்கும், திரும்பிப் போகும். மானுக்கென்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்த நிலம் அது. ஆனால் தண்ணீர் லாரிக்கும் காவலாளிக்கும் பணம் வேண்டுமே, அதைப் புண்ணியவான் எழுதிவைக்கவில்லை. பாதியை லாட்ஜ் கட்டக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று அறக்கட்டளைத் தலைவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மேடம் வேலைக்கு வந்தார். சாலையோரத்துப் பாதியை நட்சத்திர வனமாக்கலாம், அதில் வரும் வருமானத்தில் மலையோரத்துப் பாதியை மானுக்கு அப்படியே விட்டுவைக்கலாம் என்று சொன்னவர் அவர்தான். "முன்னாடி சம்பாதிக்கட்டும், பின்னாடி சாப்பிடட்டும்" என்பார். வீட்டில் சம்பாதிக்கிறவனும் உட்கார்ந்து சாப்பிடுகிறவனும் எத்தனை நாளைக்கு ஒற்றுமையாக இருப்பார்கள் என்று அன்றைக்கே எனக்கு ஒரு சந்தேகம். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவர் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது.

வனம் பிடித்துக்கொண்டது. பௌர்ணமி என்றால் கவுன்ட்டரில் தலைநிமிர நேரம் இருக்காது. நடந்து களைத்தவர்கள் தங்கள் மரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். சிலர் விபூதி பூசுவார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் மாதாமாதம் வருவார். அவர் மகளுக்குச் சிறுநீரகக் கோளாறு. அவள் பெயரில் ஒரு மகிழங்கன்று வைத்திருந்தார். அதன் இலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நடக்கத் தொடங்குவார். ஒரு கோடையில் அந்தக் கன்று காய்ந்துபோனது. இப்படிப்பட்ட மரம் செத்தால் அது வெறும் மரம் செத்ததாக இருக்காது என்பது மேடத்துக்குத் தெரியும். நர்சரியிலிருந்து அதே உயரத்தில், அதே பக்கம் சாய்ந்த கன்றாகத் தேடிக் கொண்டுவந்து, பழைய குழியிலேயே வைத்து, பழைய பலகையையே மாட்டினார். ஜவுளிக்கடைக்காரர் வந்து தடவிப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனார். "பொய்தான்மா. ஆனா அந்தப் பொண்ணுக்கு இதனால ஒண்ணும் கொறஞ்சிடாது, பின்னாடி தொட்டியில தண்ணி இருக்கும்" என்றார் மேடம். அதற்குப் பிறகு செத்த கன்றுகளை மாற்றுவது எங்கள் வழக்கமான வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

முன்பக்கம் பணம் பார்த்ததும் தலைவருக்குப் பின்பக்கம் கண்ணை உறுத்தத் தொடங்கியது. நகரத்தில் லாட்ஜ்கள் வைத்திருப்பவர். காலி அறையைக் கண்டால் தூக்கம் வராத ஆள். "அவ்ளோ எடம் சும்மா கெடக்குதேம்மா. ஜனங்கள உள்ள விட்டு மானுக்குப் பழம் குடுக்கச் சொல்லு, அதுக்கு ஒரு டிக்கெட் போடு" என்றார். மேடம் முடியாது என்றார். "கையில சாப்பிட்டுப் பழகுனா அது ரோட்டுக்கு வந்துடுங்கய்யா. ரோட்டுல நாய் இருக்கு." அது உண்மை. பௌர்ணமி முடிந்த காலையில் பாதை நெடுகப் பாக்குமட்டைத் தட்டுகளில் அன்னதானச் சோறு மிஞ்சிக் கிடக்கும். அதைத் தின்று பெருத்த நாய்கள் மற்ற நாட்களில் பசியோடு கூட்டம் கூட்டமாகத் திரியும். தலைவர் அன்றைக்கு அதை விட்டுவிட்டார். ஆனால் வனத்தில் புதிய நுழைவு வளைவு வந்தது, வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளத் தாமரைத் தொட்டி வந்தது, பின்பக்கத்துக்கு வரும் தண்ணீர் லாரி மட்டும் கம்மியாகிக்கொண்டே போனது.

மழை பொய்த்த வருஷம் அது. பின்பக்கம் புல் கருகி, மான்கள் முன்பக்கம் வந்து கன்றுகளைக் கடித்தன. பணம் கட்டியவர்கள் கொதித்துப் போனார்கள். "எம்பொண்ணு மரத்த மான் தின்னுச்சின்னு என்கிட்டயே சொல்றீங்களே, இது நல்லா இருக்கா?" என்று ஓர் அம்மா கவுன்ட்டரில் நின்று அழுதார். நடுவில் உயரமான கம்பிவலை வேலி போட வேண்டும் என்றார் தலைவர். மேடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: வேலி போடலாம், பின்பக்கத் தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். தலைவர் தாராளமாகத் தலையாட்டினார். வேலி வந்தது. ஆள் போய்வர அதில் ஒரு சின்னக் கேட். முதல் லாரியும் வந்தது. அதற்கப்புறம் எல்லா லாரியும் முன்பக்கத்துக்கே போயின. "மானுக்குத் தண்ணி ஊத்தி நமக்கு இன்னாம்மா வருது?" என்று தலைவர் கேட்டபோது நானும் அங்கேதான் நின்றிருந்தேன். இந்த நிலம் எதற்காக எழுதிவைக்கப்பட்டது என்று மேடம் எடுத்துச் சொன்னார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

நானும் மேடமும் சில நாள் குடத்தில் சுமந்து ஊற்றிப் பார்த்தோம். அந்த வெயிலில் அது எந்த மூலைக்கு? மான்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தாமரைத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு காலை, பார்வையாளர்கள் வருவதற்கு முன், மேடம் அந்தச் சின்னக் கேட்டைத் திறந்துவைத்தார். என்னிடம் கேட்கவும் இல்லை, எதுவும் சொல்லவும் இல்லை. முதலில் ஒரு பெட்டை வந்தது. பிறகு மற்றவை வந்தன. தண்ணீர் குடிக்கிற சத்தம் கவுன்ட்டர் வரைக்கும் கேட்டது. குடித்துவிட்டுச் சும்மா போகுமா? நாவலை மேய்ந்தன, மகிழத்தை மேய்ந்தன, அத்தியின் பட்டையை உரித்தன. எருக்கை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டன. மேடம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அழுவார் என்று நினைத்தேன், அவர் முகத்தில் சிரிப்புதான் இருந்தது. மறுநாளும் அதே நேரத்துக்குத் திறந்தார், அதற்கடுத்த நாளும் திறந்தார். பிறகு அவர் போவதற்கு முன்பே மான்கள் கேட்டருகே வந்து காத்திருந்தன.

பௌர்ணமிக்கு முன்னால் தலைவர் வந்து பார்த்தார். வனம் மொட்டையாக இருந்தது. அவர் கத்தவில்லை. மேடத்திடம் சாவியை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அன்றைக்கே நர்சரியிலிருந்து வண்டி வந்தது. அதே உயரம், அதே சாய்வு, பழைய குழி, பழைய பலகை. எப்படி மாற்ற வேண்டும் என்று வேலையாட்களுக்கு மேடம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார், அதனால் கச்சிதமாகச் செய்தார்கள். பௌர்ணமிக்கு வந்த ஜவுளிக்கடைக்காரர் மகிழத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "முன்னவிட நல்லா வந்திருக்கும்மா. பொண்ணுக்கும் கொஞ்சம் தேவலாம்" என்றார். எனக்கு அவரைக் கும்பிடவும் தோன்றியது, ஓங்கி அறையவும் தோன்றியது.

பௌர்ணமி கழிந்து பாதையில் சோறு தீர்ந்த ஒரு நாள், நான் வேலைக்கு வந்தபோது காவலாளி வாசலிலேயே நின்றிருந்தார். "பின்னாடி போகாதம்மா" என்றார். போனேன். மான்கள் வழக்கம்போலக் கேட்டருகே வந்து நின்றிருக்கின்றன. கேட் பூட்டிக் கிடந்தது. சாலையிலிருந்து மலையோரத்து ஓடை வழியாக வந்த நாய்கள் பின்னால் வளைத்துக்கொள்ள, முன்னால் வேலி. கம்பியில் மோதி மோதியே கழுத்து ஒடிந்தவைதான் அதிகம். ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது, காவலாளியின் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினேன், அது குடிக்கவில்லை. மத்தியானம் வண்டி வைத்து எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். மிஞ்சியவை மலையேறிப் போயிருக்க வேண்டும், திரும்பி வரவில்லை. மான் வராத நிலத்தை மானுக்கு என்று எப்படிச் சொல்வது? இப்போது அங்கே பௌர்ணமிக்குக் கார் நிறுத்துகிறார்கள். அந்த டிக்கெட்டையும் நான்தான் கிழிக்கிறேன்.

மேடத்தை அதற்கப்புறம் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன், பேருந்து நிலையத்தில். செங்கம் பக்கம் ஒரு நர்சரியில் வேலை என்றார். இளைத்திருந்தார். என் வீட்டைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி விசாரித்தார். வனத்தைப் பற்றிக் கேட்க மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"மானுங்க?" என்றார்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "நாய் அடிச்சுடுச்சு மேடம்."

"ரோட்டுலயா?"

"இல்ல மேடம். வேலியாண்ட."

அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். செங்கம் பேருந்து வந்து நின்றது, ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவர் ஏறவில்லை.

"காலையிலயா?" என்று கேட்டார். "கேட் தொறக்குற நேரத்துக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.